அக்கி வந்த மாப்பிள்ளை

போன வருஷம் சிக்குன்குனியா என்கிற மூட்டுக் காய்ச்சல் மதுரையைப் புரட்டியெடுத்தபோது, ஓய்வுபெற்று வீட்டில் கிடந்த என்னை, முன்பு வேலை பார்த்த தோல் கிளினிக்குக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு மூக்கு நுனியில் கரியைப் பூசினதுபோல் கறுப்பு விழுந்து, "இது போகுமா, போகாதா?" என்று கேட்டுக்கொண்டு ஜனம் வரிசையில் நின்றது. கட்டுப் போட இருந்த இரண்டு டிரெஸ்ஸர்களும் அதே காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஒரு மாசம் போய் வந்தேன். எனக்கும் முட்டி வலித்தது, அது வேறு கதை.

அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டின்போது என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, ஆள் வாசப்படி ஏறும்போதே இன்ன வியாதின்னு தோலைப் பாத்துச் சொல்லிருவீகளாமே, நெசமா?" என்று கேட்டார்கள். பெருமையாக இருந்திருக்க வேண்டும். நானோ பாதியில் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். ஆமாம், சொல்லுவேன். ஒரு தடவை சொல்லித்தான் தொலைத்தேன். அந்தப் பிள்ளைகளிடம் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெகந்நாதன். பழங்காநத்தத்தில் ஒரு தனியார் தோல் கிளினிக்கில் கம்பவுண்டராகவும் டிரெஸ்ஸராகவும் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். எங்கள் வீட்டுத் தொழில் தறி. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எனக்குத் தறிக்குழியில் கால் நிற்காது. ஒரு இடத்தில் உட்கார முடியாத ஜென்மம். "இவனைத் தறியில உக்கார வச்சா சேலையும் போயிரும், தறியும் போயிரும்" என்று அப்பாவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தெரிந்தவர் மூலமாக என்னை டாக்டரிடம் சேர்த்தார். களிம்பைச் சலவைக்கல் பலகையில் போட்டுத் தட்டைக் கத்தியால் தேய்த்துத் தேய்த்து மணல் மணலாக இல்லாமல் வழவழவென்று கொண்டுவர இரண்டு வருஷம் பிடித்தது. கட்டுப் போடப் பழக இன்னொரு வருஷம். படித்த படிப்பு அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்கு வாத்தியார் மருந்து ஜாடிகள்தான். எந்த மாசம் எந்த ஜாடி காலியாகும் என்று பஞ்சாங்கம் மாதிரி தெரியும். சித்திரை, வைகாசியில் வேர்க்குருவும் கட்டியும். மழை விழுந்தால் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், தொடையிடுக்கில் படர்தாமரை. பள்ளிக்கூட ஹாஸ்டல் திறந்து ஒரு மாசத்தில் சிரங்கு, கந்தகக் களிம்பைக் கலக்கிக் கலக்கிக் கை நாறும். மார்கழிப் பனியில் கரப்பான். இதற்கு நடுவில் மாசத்துக்கு இரண்டு மூன்று அக்கி, அதுவும் பல் விழுந்த கிழடுகளுக்கு.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டை ஆள், மெதுவான பேச்சு. அறையில் டியூப்லைட் இருந்தாலும் போட மாட்டார். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல்; நோயாளி அதில்தான் உட்கார வேண்டும். "பகல் வெளிச்சத்துல பொய் இல்லை" என்பார். கையில் ஒரு பூதக்கண்ணாடி. எங்கே அரிக்கிறது என்று நோயாளி காட்டுகிற இடத்தை முதலில் பார்க்கவே மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், உள்ளங்கையைத் திருப்பச் சொல்வார், முதுகைப் பார்ப்பார், காது மடலுக்குப் பின்னால் பார்ப்பார். எல்லாம் முடிந்து கடைசியில்தான் அந்த இடத்துக்கு வருவார். சில பேர், "ஐயா, சீக்கு காலுல, நீங்க காதைப் பாக்குறீகளே" என்று கடுப்படிப்பார்கள். "காலு எங்க போயிரப் போகுது? வாரேன், வாரேன்" என்பார். பார்த்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்வார், நான் சீட்டில் எழுதுவேன். வியாதியின் பெயரைச் சொல்ல மாட்டார். "நிறம் இது, விளிம்பு இது, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது" என்றுதான் சொல்வார். "பேரை முதல்ல சொல்லிட்டோம்னா கண்ணு வேலையை நிப்பாட்டிரும், ஜெகன்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கேட்டேனா? என் காது என்றைக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்டது!

தொண்ணூறுகளின் நடுவில் என் ஜாடிப் பஞ்சாங்கம் குழம்ப ஆரம்பித்தது.

அக்கிக்கும் அரிப்புக்கும் பூசுகிற ரோஸ் நிற லோஷன் கோடையில்தான் வேகமாகத் தீரும். அந்த வருஷம் மார்கழியிலும் தீர்ந்தது. சின்ன வயசில் போட்ட அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே தூங்கிக் கிடந்து, கிழவயதில் தெம்பு குறைந்ததும் நரம்பு போகிற வழியே கொப்புளமாகக் கிளம்புவதுதான் அக்கி. இப்போது இருபத்தைந்து, முப்பது வயதுக் காளைகள் அக்கியோடு வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் முகத்தில் வருகிற பாலுண்ணி மீசை வைத்த ஆட்களின் முகத்தில் வந்தது. மூன்று நாள் தைலத்தில் அடங்க வேண்டிய சிரங்கு மூன்று வாரமானாலும் அடங்கவில்லை. கை காலெல்லாம் அரித்து, சொறிந்து, கறுத்த புள்ளி விழுந்தவர்கள் வந்தார்கள். நாக்கை நீட்டினால் தயிர் ஒட்டினதுபோல் வெள்ளை.

டாக்டர் பத்து நாள் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு என்னையும் லேப் பார்க்கிற குபேந்திரனையும் கூப்பிட்டார். "பம்பாய், மெட்ராஸ்னு பேசிக்கிட்டிருந்தோமே எய்ட்ஸு, அது நம்ம ஸ்டூல்ல வந்து உக்காந்திருச்சு" என்றார். உலகம் பூராவும் பரவின நோய் எங்கள் ஊரில் முதலில் எங்கே தெரிந்தது? எங்கள் ஜன்னலோரத்தில், தோலில். இருமலுக்கும் கழிச்சலுக்கும் முந்தி அக்கிதான் வந்து தகவல் சொன்னது.

கொட்டாம்பட்டிப் பக்கம் திருச்சி ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் முதலில் வந்தார்கள். பின்னால் அவர்களுடைய பெண்சாதிகள் வந்தார்கள். அடுப்படியைத் தாண்டாத பொம்பளைகள், புருஷனைத் தவிர ஒருத்தனை ஏறிட்டுப் பார்க்காதவர்கள், அதே அக்கியோடு, அதே கறுத்த புள்ளிகளோடு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சு கொதித்தது. கட்டிக்கொடுக்கிறதுக்கு முந்தி எவனாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று சைக்கிளில் வீடு போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போவேன்.

பயமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கையுறை அப்போது தாராளமாகக் கிடைக்காது. போட்டதையே கழுவி, கொதிக்க வைத்து, கொடியில் காயப்போட்டு, பவுடர் தடவி மறுபடியும் போடுவோம். எல்லாருக்கும் போட்டுத்தான் கட்டுக் கட்ட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. கொடியில் தொங்குவது நாலு ஜோடி, வெளியே உட்கார்ந்திருப்பது நாற்பது பேர், எப்படி முடியும்? ஆள் பார்த்துத்தான் போட்டோம். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி என் கையிலேயே கரப்பான் வந்து வெடித்தது. டாக்டர் என் கையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நான் கலக்கின களிம்பையே எனக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆள் பார்த்துப் போட வேண்டும் என்றால் குபேந்திரனுக்குத் தகவல் போக வேண்டும். அவன்தானே ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவன். நோயாளியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எங்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவனும் எங்கள் ஆள்தான், வீட்டுப் பாஷை சௌராஷ்டிரம் இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் வருகிற சம்சாரிக்கு அது எங்கே புரியப் போகிறது? "இது அதேதான், கையுறை போட்டுக்கோ" என்று நோயாளியின் தலைக்கு மேலேயே சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். ஒரு நாள் டாக்டர் கேட்டுவிட்டார். "எனக்குப் புரியாத பாஷையில என் பேஷண்டைப் பத்திப் பேசாதீங்கய்யா" என்றார். சரி சார் என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடியும் அதேதான்.

செல்லப்பாண்டி வந்தது அந்தச் சமயத்தில். இருபத்தாறு வயது. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். சந்தையிலிருந்து மதுரைக்குக் காய்கறி ஏற்றிவருகிற வேன் ஓட்டினான். கூட ஒரு ஆள் வந்திருந்தான், பெயர் அழகர். பாண்டியின் தாய்மாமன் மகன். அந்த அழகரின் தங்கச்சி செல்வராணியைத்தான் பாண்டிக்குப் பேசி முடித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. இன்னும் இருபது நாளில் கல்யாணம். இதெல்லாம் பாண்டியே சொன்னது. வலியிலும் அவனுக்கு வாய் ஓயவில்லை.

"அண்ணே, முகூர்த்தத்துக்குள்ள சட்டை போடுற மாதிரி ஆக்கிவிட்ருங்க. அம்புட்டுத்தான். இல்லாட்டி வெத்து மேலோட தாலி கட்ட வேண்டியதுதான்."

"மேல் பூராம் காவி இருக்குல்ல மாப்ள, அதையே சட்டைன்னு சொல்லிக்கிரு" என்று அழகர் கிண்டலடித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் பாண்டி வலி தாங்காமல் "ஆத்தாடி" என்று குனிந்துவிட்டான்.

காவி என்று சொன்னது அக்கிக்கு எழுதுவதை. எங்கள் பக்கம் அக்கி வந்தால் முதலில் மண்பானை செய்கிறவர் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் உருவமும் கோடுமாக எழுதிவிடுவார். அக்கி உடம்பைச் சுற்றிவந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு பயம். அதைத் தாண்டவிடாமல் எல்லை கட்டுவதாக நம்பிக்கை. அதிலே ஒரு குளிர்ச்சியும் இருக்கத்தான் செய்யும். பாண்டியின் இடது மார்பிலிருந்து முதுகு வரை மூன்று நாள் எழுதின காவி காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது.

டாக்டர் வழக்கம்போல் நாக்கு, காது, முதுகு என்று பார்த்தார். வாய்விட்டுச் சொன்னார்: "நாக்கு சுத்தம். கையில காலுல புள்ளி இல்லை. கழுத்துல கட்டி இல்லை. கொப்புளம் இடது பக்கம் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டல." நான் எழுதினேன். எழுதின எனக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. வயது இருபத்தாறு, வண்டி ஓட்டுகிறவன், அக்கி. இந்த மூன்றும்தான் பட்டது. டாக்டர் அழகரை வெளியே அனுப்பிவிட்டு, எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்பதைப் பாண்டியிடம் பொறுமையாகச் சொன்னார். "இருக்கும்னு சொல்லலப்பா. ராத்திரி பகலா கண்ணு முழிச்சு வண்டி ஓட்டினாலும் வரும். இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டா நல்லது" என்றார். பாண்டி "எடுங்க சார், என் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றான்.

அப்புறம் கட்டுப் போடுகிற அறைக்கு என்னிடம் வந்தான். காவியைத் தேய்த்து எடுக்கக் கூடாது, கொப்புளம் உரிந்துவிடும். கொதித்து ஆறின தண்ணீரில் உப்புப் போட்டு, துணியை நனைத்து மேலே விரித்துப் பத்து நிமிஷம் விட வேண்டும். ஊறினதும் ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அழகர் அவன் சட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அப்போது குபேந்திரன் ஊசியோடு வந்தான். நான் தலையைத் தூக்காமலே எங்கள் பாஷையில் சொன்னேன்:

"கையுறை போட்டுக்கோ. இவனுக்கும் அதேதான், சந்தேகமே வேண்டாம். இருபது நாளில் கல்யாணமாம். அந்தப் பெண்ணைக் குழியில் தள்ளப் போறாங்க, பாவம்."

குபேந்திரன் உச்சுக்கொட்டிவிட்டுக் கையுறை எடுக்கப் போனான். அழகர் கையிலிருந்த சட்டையை இன்னொரு மடிப்பு மடித்தான். "முடிஞ்சதாண்ணே?" என்று தமிழில் கேட்டான். முடிந்தது என்றேன். ஐந்து வேளை போடுகிற மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அதன் பிறகு அவன் ஒரு கிண்டலும் பேசவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கப் பாண்டி தனியாக வந்தான். தாடி விட்டிருந்தான். அக்கி நன்றாகக் காய்ந்திருந்தது. டாக்டர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்லைப்பா. சுத்தமா இருக்கு. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துக்கிருவோம். அது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான்."

பாண்டி சிரிக்கவில்லை. "இனிமே இருந்தா என்ன, இல்லாட்டி என்ன சார்? கல்யாணம் நின்னு எட்டு நாளாச்சு" என்றான். ஊருக்குப் போன இரண்டாம் நாளே பெண் வீட்டில் பேச்சை முறித்துவிட்டார்கள். சொந்தத் தாய்மாமன் வீடு. டீக்கடையில் அவனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பு. வேனில் மூட்டை ஏற்றிவிடக் கை கொடுக்கிறவன் கூட எட்டி நிற்கிறான்.

"ஊருக்குள்ள யாருப்பா சொன்னது?" என்று டாக்டர் கேட்டார்.

"மச்சான்தான். இந்த ஆஸ்பத்திரியிலயே பேசிக்கிட்டாகளாம் சார். அவன் பதினோரு வருஷம் இவுக ஆளுக வச்சிருக்க சாயப்பட்டறையில கெடந்தவன். இவுக பாஷை அவனுக்குத் தண்ணி பட்ட பாடு."

டாக்டர் என்னைப் பார்த்தார். பாண்டியைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "பேசினீங்களா, ஜெகன்?" என்று கேட்டார். பேசினேன் சார் என்றேன். என்ன பேசினீர்கள் என்றார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பூதக்கண்ணாடியை வேட்டித் துணியால் துடைத்து மேஜையில் வைத்தார்.

"நானே பேரைச் சொல்லல. நீங்க எப்படிய்யா சொன்னீங்க?" என்றார். "அந்தப் பையன் சம்மதிச்சா, அவன் ரிப்போர்ட்டை வாங்கிட்டு நீங்களே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் வந்தா டாக்டரே வந்துட்டாரு, வியாதி பெருசுதான்னு நினைப்பாங்க. தப்பா சொன்ன வாய்தான் போகணும்."

பாண்டி ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "செல்வராணி நம்புனாப் போதும்ணே. மத்தவக கெடக்காக" என்றான்.

உசிலம்பட்டி போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து இறங்கினேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அழகர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு நிதானமாக வந்தான். "வாங்கண்ணே" என்றான். அடுத்த வாக்கியம் எங்கள் பாஷையில் வந்தது. நான் அன்றைக்குச் சொன்னதை, கையுறையிலிருந்து குழி வரைக்கும், ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னான். உச்சரிப்பில் ஒரு பிசிறில்லை. கையைப் பார்த்தேன். பத்து விரலிலும் நகக்கண்ணில் நீலச் சாயம் ஊறிக்கிடந்தது. வாசப்படி ஏறும்போதே ஆளைச் சொல்கிறவன், அன்றைக்கு அந்தக் கை சட்டையைப் பிடித்துக்கொண்டு என் முழங்கையை ஒட்டி நின்றும் பார்க்கவில்லை. நாண்டுகொண்டு சாகலாம் போல் இருந்தது.

அவன் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், பாண்டிக்கு அந்த வியாதி இல்லை, இதோ ரிப்போர்ட் என்று நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"ஏப்பா, சீக்கு இல்லாதவனுக்கு இல்லைன்னு சொல்ல எவனாச்சும் மெனக்கெட்டு பஸ் ஏறி வருவானா?" என்றார்.

"ஐயா, நான் செஞ்ச தப்புக்குத்தான் வந்தேன்."

"அவன் உன்னையக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிச்சிருப்பான். எந் தங்கச்சி மகன்தான். வயிறு எரியத்தான் செய்யுது. அதுக்காக மகளைக் கொண்டுபோயிக் கெணத்துல தள்ளவா?"

அழகர் ரிப்போர்ட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். "மூணு மாசங்கழிச்சுத் திரும்ப எடுக்கணும்னு கீழ எழுதியிருக்கே, அது எதுக்குண்ணே?" நான் வழக்கம் என்றேன். கிருமி ரத்தத்தில் தெரிய நாளாகும், அதற்காக எல்லாருக்கும் இரண்டு தடவை பார்ப்பார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, ஒவ்வொரு வார்த்தையும் அவர்கள் பயத்துக்கு முட்டுக்கொடுக்கிறது என்று. "அப்ப இன்னும் முடிவாகலன்னுதான அர்த்தம்?" என்றான். நியாயமான கேள்விதான்.

செல்வராணி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள். இருபது வயது இருக்கும். அழுது வீங்கின கண்.

"அண்ணே, உங்களுக்குப் பொம்பளப் பிள்ளை இருக்கா?"

"இருக்கும்மா. ஒம்பதாவது படிக்குது."

"அதுக்குக் கல்யாண வயசுன்னு வச்சுக்கங்க. பாண்டி மச்சானுக்குக் குடுப்பீகளா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. குடுப்பேன் என்று நான் சொல்ல வேண்டும் என்று தவித்தாள். அது அந்த முகத்தில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவள் அப்பாவும் அழகரும் என் வாயையே பார்த்தார்கள். நான் என்ன நினைத்தேன்? என் மகளை நினைத்தேன். அந்த மூன்று மாசத்தை நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளைகளையெல்லாம் நினைத்தேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மிடறு தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமுகிற நேரம்.

"குடுப்பேன்மா" என்றேன். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை.

மூன்று மாசம் கழித்துப் பாண்டி இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்தான். அதிலும் இல்லை. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேனையும் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். இதற்குள் செல்வராணிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கொட்டாம்பட்டிப் பக்கம் சொந்த லாரி வைத்து ஓட்டுகிற மாப்பிள்ளை. ஆள் தேக்குக்கட்டை மாதிரி இருப்பானாம். அவன் தோலில் ஒரு கொப்புளமில்லை, எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறினதில்லை. அதனால் அவனைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஜன்னலோர ஸ்டூலில் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். வலது முதுகில் காவி. டாக்டர் நாக்கைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "நாக்குல வெள்ளை. ரெண்டு கையிலயும் கறுத்த புள்ளி. கழுத்துல கட்டி." வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். ஆறு மாசமாக இருமிக்கொண்டு படுக்கையில் கிடக்கிறார் என்றாள். நான் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கையைக் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

வாசிக்கிறவர்கள் பதறாமல் இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் இன்றைக்கும் இருக்கிறாள். புருஷன் போய்விட்டான். எய்ட்ஸுக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச மாத்திரை வந்ததற்கு அப்புறம் உடம்பு தேறி, தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறாள். ஆனால் அன்றைக்கு அப்படி ஒரு மாத்திரை வரும் என்று யாருக்குத் தெரியும்?

அவளுடைய ரத்த ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் வெகுநேரம் பேசினார். பிறகு கட்டுப் பிரிக்க என்னிடம் வந்தாள். அழவில்லை. நான் துணியை நனைத்து முதுகில் விரித்தேன். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அண்ணே, பாண்டி மச்சானுக்கு ரெண்டாவது தடவையும் எடுத்தீகளா?"

"எடுத்தோம்மா."

"இல்லைதானே?"

"இல்லம்மா."

துணி ஊறப் பத்து நிமிஷம் ஆனது. நான் ஓரத்திலிருந்து ஒற்றி எடுக்க ஆரம்பித்ததும், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"அன்னைக்கு நான் கேட்டப்ப நீங்க சட்டுனு சொல்லியிருக்கலாமேண்ணே."